எதற்கு அஞ்சுவது?

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

விஞ்ஞானம் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறி, அடுப்பங்கரைக்குள் குடிபுகுந்துவிட்ட காலம் இது. அம்மி போய் மிக்ஸி வந்தது. ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது. விறகடுப்பு கொல்லைப்புறத்துக்குப் போக, எரிவாயு அடுப்பு உள்ளே வந்து அமர்ந்தது. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபின், சிற்றூர்களிலும் இவை சாதாரணப் பொருள்களாகிவிட்டன. அந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்பது மைக்ரோவேவ் அடுப்பு. பாடநூல் தமிழில் அது நுண்ணலை அடுப்பு. வீட்டுத் தமிழில் வெறும் 'ஓவன்'.

நம்மில் பலர் இந்த அடுப்பை முதன்முதலாகச் சந்தித்த இடம் வீடு அன்று, பேக்கரி. பெரம்பலூரிலும் அரியலூரிலும் பேருந்து நிலையப் பக்கத்துப் பேக்கரிகளில் முட்டை பப்ஸ் கேட்டால், "சூடு பண்ணித் தரட்டுமா?" என்று கேட்டு, ஒரு பெட்டிக்குள் வைத்து எடுத்துத் தருவார்கள். கடித்துப் பார்த்தால் முட்டையின் ஒரு பக்கம் நாக்கைச் சுடும். மறு பக்கம் சில்லென்று இருக்கும். சிரித்துக்கொண்டே தின்றுவிட்டு நாம் பஸ் ஏறிவிடுகிறோம். அந்தச் சில்லென்ற பக்கத்தைப் பற்றித்தான் நான் இங்கே பேச விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அடுப்பைப் பற்றி நம் மக்களிடம் அச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அச்சம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அஞ்ச வேண்டாத கதிருக்கு அஞ்சுகிறோம்; அஞ்ச வேண்டிய அரைச்சூட்டுக்கு அஞ்சாமல் இருக்கிறோம். அஞ்சத்தக்கதைக் கண்டு அஞ்சுவதும் அறிவின் ஓர் அடையாளம் என்பது வள்ளுவர் கருத்து. அந்த அறிவு நம் அடுக்களைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு வீட்டில் கண்டது

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போனவர்கள் பலர். என் சித்தப்பாவும் அவர்களில் ஒருவர். சிங்கப்பூரில் பத்தாண்டுகள் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், அங்கே கண்டு பழகிய ஓவன் ஒன்றைத் தம் வீட்டுக்கும் வாங்கிவைத்தார்.

வந்த நாள் முதல் அந்தப் பெட்டிக்கு ஒரு பேயின் மரியாதை. "ஏம்மா, அது ஓடறப்ப கிட்ட நிக்காத. கதிரு அடிச்சிடும்" என்று என்னை எச்சரிப்பார் அப்பாயி. பக்கத்து வீட்டு அக்கா மாசமாக இருந்தபோது அந்த அடுக்களைப் பக்கமே வரவில்லை. சித்தியோ, பொத்தானை அழுத்திவிட்டுத் திண்ணைக்கு ஓடி வந்துவிடுவார். வேலை முடிந்ததும் பெட்டியின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவைப்பார்கள், கதிர் வெளியே வராமல் இருக்க.

அதே வீட்டில் கோழிக்கறிக்கு நடந்ததைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோ கறி வாங்கி, ஒரு கிலோவைப் பையோடு ஃப்ரீசரில் போடுவார்கள். அது கல்லாக உறைந்துவிடும். புதன்கிழமை காலை அதை எடுத்து அடுக்களை மேடையில் வைத்துவிட்டு, சித்தி வெங்காயக் கொல்லைக்குக் களையெடுக்கப் போய்விடுவார். மதியம் வந்து பார்த்தால் மேலே நீர் வடியும்; நடுவே கட்டி நிற்கும். பாதியைப் பிய்த்தெடுத்துக் குழம்பு வைத்துவிட்டு, மீதி திரும்பவும் ஃப்ரீசருக்குப் போகும். இடையில் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுவதும் மின்சாரம் நின்றால், கறி கெட்டுவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார்கள். மிஞ்சிய குழம்பு மறுநாள் இரண்டு நிமிடம் ஓவனுக்குள் போய் வரும். கிண்ணத்தின் ஓரம் கொதிக்கும். நடுவில் விரல் வைத்தால் குளிரும். "ஆவி வருதுல்ல, போதும்" என்று இலையில் விழும்.

ஒரு நாள் சித்தப்பாவின் சின்ன மகனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, இரண்டு நாள் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. குற்றவாளி யார்? "பொட்டியில இருந்து வந்த கதிருதான்" என்றார் அப்பாயி. "அடுப்பு மூட்டச் சோம்பல், பிள்ளையைப் படுக்க வச்சுட்டா" என்றது தெரு. காலையில் கொல்லை, மாலையில் மாடு, இரவில் பாத்திரம் என்று ஓயாமல் உழைக்கும் என் சித்தி தலைகுனிந்து நின்றார். நோய்க்கு உண்மையான காரணம் எது என்று சோதித்துத்தான் சொல்ல முடியும். ஆனால் மேடையில் நான்கு மணி நேரம் கிடந்த கோழியை அந்த வீட்டில் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. பழி பெட்டியின்மேல் பாதி, பெண்ணின்மேல் பாதி என்று பங்கு போடப்பட்டது. அறியாமை எப்போதும் இப்படித்தான்; உயிரற்ற ஒன்றையும் எதிர்த்துப் பேசாத ஒருவரையும் தேடிப் பிடித்துத் தண்டிக்கும்.

கதிர் என்ன செய்யும்?

இந்த அடுப்பின் இதயம் மேக்னட்ரான் என்னும் குழாய். 1940ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டால், பூட் என்னும் இருவர் உருவாக்கிய வலிமைமிக்க மேக்னட்ரான், இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானங்களைக் கண்டறியும் ராடாருக்குப் பயன்பட்டது. போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ராடார் கருவிகளோடு வேலை செய்துகொண்டிருந்த பெர்சி ஸ்பென்சர், தம் சட்டைப்பையில் இருந்த இனிப்பு உருகியதைக் கண்டு, இதே அலையைக் கொண்டு சமைக்கலாமே என்று எண்ணினார். அவர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். தாமே படித்துப் பொறியியல் கற்றவர். 1947இல் வெளிவந்த முதல் அடுப்பு ஏறத்தாழ 340 கிலோ எடை, ஆள் உயரம். வீட்டு மேடையில் வைக்கத்தக்க சிறிய அடுப்பு அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 1967இல்.

இதிலிருந்து வருவது விநாடிக்கு 245 கோடி முறை அதிரும் மின்காந்த அலை. வானொலி அலையின் உறவினர் அது. எக்ஸ் கதிரின் உறவினர் அன்று. நம் கைபேசிக்கு இணையம் தரும் வைஃபையும் பெரும்பாலும் ஏறத்தாழ இதே அதிர்வெண்ணில்தான் இயங்குகிறது. ஒளித்துகள் ஒன்றின் ஆற்றலோடு ஒப்பிட்டால், நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றலில் சுமார் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குதான் இதற்கு உண்டு. மரபணுவை உடைக்கும் வலிமை இதற்கு இல்லை. உணவைக் கதிரியக்கம் உள்ளதாக மாற்றவும் இதனால் முடியாது. மின்சாரத்தை நிறுத்தினால் விளக்கின் ஒளி நிற்பதுபோல, அடுப்பு நின்ற கணமே அலையும் நின்றுவிடுகிறது. ஓடி முடிந்த பெட்டியின்மேல் துண்டு போடுவது, அணைத்த விளக்குக்குக் குடை பிடிப்பதற்கு ஒப்பாகும்.

அலை வெளியேறாமலிருக்க உலோகச் சுவரும், கதவுக் கண்ணாடியில் சிறு துளைகளுள்ள உலோக வலையும் உண்டு. ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமுள்ள அலை அந்தச் சிறு துளை வழியே நுழைந்து வர இயலாது. கதவிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக்கூடாது என்பது அமெரிக்க விதி. தொலைவு கூடக் கூட அதுவும் விரைவில் தேய்ந்துவிடும். கதவு வளைந்தோ, ஓரம் உடைந்தோ, சரியாக மூடாமலோ இருந்தால் அடுப்பை இயக்கக் கூடாது. கதிரைப் பற்றி ஒரு வீடு அறிய வேண்டியது அவ்வளவே.

சத்து போய்விடும் என்பது இன்னொரு குறை. எந்த அடுப்பில் சமைத்தாலும் சில சத்துகள் குறையத்தான் செய்யும். நிறைய நீரில் நெடுநேரம் வேகவைத்து நீரை வடிப்பதைக் காட்டிலும், சிறிது நீரில் சில நிமிடங்களில் வேகும் காய் வைட்டமின் சி-யை அதிகமாகவே காத்துக்கொள்கிறது.

நடுவில் குளிர்

அப்படியானால் அஞ்ச வேண்டியது எது?

உணவு உள்ளிருந்து வெளியே வேகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. இந்த அலை உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரைதான் வலுவோடு செல்லும். அங்குள்ள நீர் மூலக்கூறுகளை ஆட்டிச் சூடாக்கும். அதற்கும் உள்ளே இருக்கும் பகுதிக்கு வெப்பம் மெல்ல மெல்லப் பரவித்தான் போய்ச்சேர வேண்டும். போதாக்குறைக்கு, சுவரில் மோதித் திரும்பும் அலையும் எதிர்வரும் அலையும் சேர்ந்து நிலையலைகள் உண்டாகின்றன. நாம் ஆய்வுக்கூடத்தில் கம்பியில் காண்கிறோமே, அதே கணுவும் எதிர்க்கணுவும்தான். ஓரிடத்தில் கொதி; அதிலிருந்து மூன்று விரல் தள்ளிக் குளிர். அதனால்தான் உள்ளே தட்டு சுழல்கிறது.

சுழற்சியின் அருமை அரியலூர்க்காரர்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? 1979 முதல் இயங்கும் அரசு சிமெண்ட் ஆலையிலும் மற்ற ஆலைகளிலும் சுண்ணாம்புக்கல் வேகும் சூளை ஒரு நீண்ட உருளை. அது ஓயாமல் உருண்டுகொண்டே இருக்கும். 1450 டிகிரி வெப்பத்திலும் உருட்டாமல் போட்டால் கல் ஒருபோல வேகாது என்று அறிந்தவர்கள் நாம். 1450 டிகிரிக்கே அந்த நியதி என்றால், இரண்டு நிமிட ஓவன் எம்மாத்திரம்? தட்டு சுழன்றாலும் போதாது. பாதி நேரத்தில் நிறுத்தி, கிளறி, புரட்டி வைக்க வேண்டும்.

நடுப்பகுதி வேகாது என்பதை நம் பாட்டிமார் எப்போதோ கண்டுகொண்டார்கள். மெதுவடைக்கு நடுவில் துளை போடுவது அழகுக்காகவா? நடுமாவு வேகத்தான். ஓவனிலும் அதே வழிதான்: உணவைத் தட்டில் குவிக்காமல், நடுவில் இடம் விட்டு வட்டமாகப் பரப்ப வேண்டும். பிரியாணிக்குத் தம் போடுகிறோம். சோற்றை இறக்கி மூடிவைத்துப் புழுங்கவிடுகிறோம். ஓவனிலிருந்து எடுத்ததையும் மூடியபடி இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விட வேண்டும். அந்த நேரத்தில்தான் ஓரத்துச் சூடு நடுவுக்குப் போகும். ஆகவே புதிய அடுப்பு கேட்பது புதிய அறிவு அன்று, பழைய கைப்பக்குவத்தைத்தான்.

படித்தவர் நிறைந்த நாடுகள் இதில் தவறுவதில்லை என்று எண்ண வேண்டாம். 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில், கறியும் காயும் மாவுக்குள் அடைத்து உறையவைத்து விற்கப்பட்ட ஒரு பண்டத்தால் 41 மாநிலங்களில் 401 பேருக்குச் சால்மொனெல்லா நோய் கண்டது. விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் அதை மைக்ரோவேவ் அடுப்பில் சமைத்தவர்கள் என்று தெரிந்தது. தம் அடுப்பு எத்தனை வாட் என்பதே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. சமைத்தபின் சிறிது நேரம் விட்டுவைக்க வேண்டும் என்று அட்டையில் அச்சிட்டிருந்ததையும் பலர் பின்பற்றவில்லை. 1100 வாட் அடுப்புக்குச் சொன்ன நேரம் 700 வாட் அடுப்புக்குப் போதாது. நேரத்தை மட்டும் நம்பியவர்களை நேரம் ஏமாற்றிவிட்டது.

பனிக்கட்டியின் பிடிவாதம்

உறைந்ததை இளக வைப்பதில்தான் இந்த அடுப்பின் விசித்திரம் நன்றாகப் புலப்படும். திரவ நீரில் மூலக்கூறுகள் விருப்பப்படி ஆடும். பனிக்கட்டியில் அவை கைகோத்துக் கட்டுண்டு நிற்கின்றன. ஆகையால் பனிக்கட்டி இந்த அலையை மிகக் குறைவாகவே உறிஞ்சும். உறைந்த கறிக்கட்டியில் எங்கேனும் ஓர் ஓரம் முதலில் உருகிவிட்டால், அந்த ஓரம் அலையை ஆவலோடு விழுங்கத் தொடங்கும். விழுங்க விழுங்கச் சூடாகும். பக்கத்தில் பனி அப்படியே நிற்க, அந்த ஓரம் வெந்தே போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு கிராம் பனிக்கட்டியை 0 டிகிரியிலேயே நீராக்க 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த நீரையே 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றவும் அதே 80 கலோரிதான். பனி உருகும் நேரத்துக்குள், உருகிய பகுதி கொதிநிலையை நெருங்கிவிட முடியும் என்பது இதனால் விளங்கும்.

பொத்தான் வரிசையில் 'டிஃப்ராஸ்ட்' என்று ஒன்று இருப்பது இதற்காகவே. அதை அழுத்தினால் பல அடுப்புகளில் அலை சிறிது நேரம் வரும், சிறிது நேரம் நிற்கும், மீண்டும் வரும். நிற்கும் இடைவெளியில் உருகிய பகுதியின் வெப்பம் பனிப் பகுதிக்குப் பரவும். பொறுமையைத்தான் அந்தப் பொத்தானுக்குள் பொறியாளர்கள் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு முழுவேகத்தில் ஓட்டுவது, ஈர விறகில் மண்ணெண்ணெய் ஊற்றுவது போன்றது. மேலே எரியும், உள்ளே புகையும்.

இளகிய கறியை உடனே சமைக்க வேண்டும். ஏனெனில் அதன் ஓரங்கள் ஏற்கெனவே வெதுவெதுப்பாகிவிட்டன. உறைநிலை கிருமிகளைக் கொல்வதில்லை. தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். வெதுவெதுப்பு வந்தால் அவை விழித்துக்கொள்ளும். சமைக்காமல் திரும்ப ஃப்ரீசரில் வைப்பது, விழித்து எண்ணிக்கையில் பெருகிய கூட்டத்தைத் திரும்பத் தூங்க வைப்பதாகும்.

அவசரமில்லாதவர்களுக்கு வேறு நல்ல வழிகளும் இருக்கின்றன. முதல்நாள் இரவே கறியை ஃப்ரீசரிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடலாம். அல்லது தண்ணீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் இட்டு, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றலாம். வாங்கிய அன்றே கறியை ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து, இரண்டு விரல் கனத்துக்குத் தட்டையாக உறைய வைத்தால் எல்லா வழிகளும் எளிதாகிவிடும். மின்சாரம் நின்றால் மூடியைத் திறக்காமல் இருப்பதே சிறந்த வைத்தியம். நிரம்பிய ஃப்ரீசர் திறக்காவிட்டால் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். மேடையில் வைத்து இளக வைப்பது மட்டும் கூடவே கூடாது.

சூடு எல்லாவற்றையும் கழுவாது

ஏன் கூடாது? 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் கிருமிகளின் விளைநிலம். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் நம் மாவட்டங்களின் அடுக்களை மேடை அவற்றுக்கு நஞ்சை நிலம். வசதியான சூழ்நிலையில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காலை ஏழு மணிக்கு ஒன்று இருந்தால், அதே வேகத்தில் மதியம் இரண்டு மணிக்கு இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்தொரு முறை இரட்டிப்பு. சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது பொதுவிதி. 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் அது ஒரு மணி நேரம்தான்.

"அதுதான் திரும்பச் சூடு பண்ணிவிடுகிறோமே" என்பார்கள். எல்லா இடத்திலும் 74 டிகிரி எட்டினால் பெரும்பாலான கிருமிகள் மடியும், உண்மை. ஆனால் சில கிருமிகள் மடியுமுன் நஞ்சைக் கக்கிவிட்டுப் போகின்றன. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா வாந்தியை உண்டாக்கும் ஒரு நஞ்சை உண்டாக்க வல்லது. அது கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. இரவெல்லாம் வெளியில் கிடந்த சோற்றையோ பிரைட் ரைஸையோ எந்த அடுப்பும் காப்பாற்றிவிட முடியாது. நம் பழைய சோற்றின் கதை வேறு. அது நீரில் ஊறிப் புளித்து, புளிப்பின் பாதுகாப்பில் இருப்பது. காலையில் அப்படியே உண்ணப்படுவது. அதைக் காட்டி, காய்ந்து கிடந்த மிச்சச் சோற்றை நியாயப்படுத்தலாகாது.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் உணவகத்து ஷவர்மா உண்ட 14 வயது மாணவி ஒருவர் இறந்தார். மேலும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. உணவு நஞ்சாவது கதையன்று என்பதற்கு இவை சான்று. கடைகளைச் சோதிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். நம் வீட்டு மேடையைச் சோதிக்க நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்?

இன்னும் சில எச்சரிக்கைகள் உள்ளன, சுருக்கமாகச் சொல்கிறேன். எவர்சில்வர் பாத்திரம் வைத்தால் பொறி பறக்கலாம். அலை அதில் பட்டுத் திரும்பிவிடுவதால் உணவும் சரியாகச் சூடாகாது. சாம்பார் கட்டிவந்த பிளாஸ்டிக் பையை அப்படியே வைக்கக் கூடாது. ஓட்டோடு முட்டை வைத்தால் வெடிக்கும். வழவழப்பான கோப்பையில் வெறும் நீரை நெடுநேரம் சூடாக்கினால், அது கொதிக்காமலே 100 டிகிரியைத் தாண்டி அமைதியாக நிற்கும். கரண்டி பட்டதும் பொங்கி முகத்தில் அடிக்கும். கைக்குழந்தையின் பால் புட்டியை இதில் வைக்கவே வேண்டாம். புட்டி வெதுவெதுப்பாக இருக்க, உள்ளே ஓரிடத்துப் பால் பிஞ்சு வாயைப் பொசுக்கிவிடும்.

பழைய வழிக்கே திரும்பலாமா?

"இத்தனை தொல்லை எதற்கு? விறகடுப்பே போதும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இந்த வாதத்தை ஏற்க மாட்டேன். விறகடுப்பின் புகையை விழுங்கியவர்கள் யார்? ஊதுகுழலை ஊதி ஊதிக் கண் சிவந்து, நெஞ்சு இருமி, வாழ்நாளைக் கரைத்தவர்கள் நம் தாய்மார்கள்தாம். அடுத்தவர் நுரையீரலின் செலவில் நாம் பழமையைப் போற்றலாகாது.

சிமெண்ட் ஆலையில் இரவு முறை முடித்து, நேரங்கெட்ட நேரத்தில் வீடு திரும்பும் தொழிலாளிக்கு, யாரையும் எழுப்பாமல் சூடான சோறு உண்ண இந்தப் பெட்டி உதவுகிறது. பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியவருக்குத் தீயில்லாத அடுப்பு ஒரு துணை. கொல்லை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் நடுவில் அரைபடும் பெண்ணுக்கு அரைமணி மிச்சமானால், அந்த அரைமணி அவளுக்கு உரிமையானது. கருவியைக் குறை கூறிப் பயனில்லை. கருவி வந்த வண்டியில் அறிவு வரவில்லை என்பதே என் குறை.

தமிழில் ஒரு தாள்

அறிவு ஏன் வரவில்லை? சித்தப்பா வீட்டு ஓவனோடு ஒரு தடித்த புத்தகம் வந்தது. நான் சொன்ன எச்சரிக்கைகளில் பாதி அதில் இருக்கின்றன. ஆனால் அதில் ஆங்கிலம் உண்டு, இந்தி உண்டு, தமிழ் இல்லை. பொத்தான்கள் பேசுவதும் ஆங்கிலம். ஒன்பதாம் வகுப்போடு நின்ற என் சித்தி அதைப் படிக்காததற்கு அவரா பொறுப்பு? பொட்டலப் பொருள்களின் மேல் எழுத வேண்டிய விவரங்களைப் பற்றிய 2011ஆம் ஆண்டின் மத்திய விதிகளும் இந்தியில் அல்லது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றே கேட்கின்றன. மற்ற மொழியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இடம் தருகின்றன. சேர்த்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்குத் தமிழில் வழிமுறை வேண்டும் என்று நாம் கேட்பது மொழிப்பற்று மட்டும் அன்று, உயிர்ப்பற்றும் ஆகும். தீயணைப்பானின் மேல் எழுதியதைப் படிக்க முடியாதவன் கையில் அதைக் கொடுத்து என்ன பயன்?

அரசும் நிறுவனமும் செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டுமா? இங்கே இயற்பியல் படிக்கிறோம். நிலையலையும் உள்ளுறை வெப்பமும் தேர்வுத்தாளில் எழுதுகிறோம். தமிழ் படிப்போர் இருக்கிறார்கள். எளிய தமிழ் அவர்கள் கையில். கிருமியைப் பற்றிச் சொல்லித்தரப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். மூவரும் சேர்ந்தால் ஒரே பக்கத்தில் ஒரு தாள் எழுத முடியாதா? அதில் ஐந்தாறு வரிகள் போதும். இளக வைத்ததை உடனே சமையுங்கள். பாதியில் கிளறுங்கள். மூடிவைத்துப் பொறுங்கள். நடுவில் ஆவி பறக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறைக்கு மேல் மிச்சத்தைச் சூடாக்காதீர்கள். வெளியில் கிடந்ததை நம்பாதீர்கள். 'டிஃப்ராஸ்ட்' என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் 'இளக வைக்க' என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும் ஊரில், மரம் நடுவதோடு இந்தத் தாளையும் வீடுவீடாகக் கொடுத்து, படித்தும் காட்டினால் எவ்வளவு நன்மை!

சிற்றூர்களிலிருந்து பஸ் ஏறி வரும் நம்மில் பலர், நம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை. பட்டம் வாங்கி வேலைக்குப் போவது ஒரு கடமை. கற்றதை வீட்டு மொழியில் வீட்டுக்கே திருப்பிச் சொல்வது அதற்கு முந்திய கடமை. நாம் பேசாமல் இருக்கும்வரை, பெட்டிக்குப் பேய்ப் பட்டமும் பெண்ணுக்குச் சோம்பேறிப் பட்டமும் தொடரும்.

கதிருக்கு அஞ்சி ஓடும் கால்களை நிறுத்துவோம். கிண்ணத்தின் நடுவில் இருக்கும் குளிரைக் கண்டு அஞ்சக் கற்போம், மற்றவர்களுக்கும் கற்பிப்போம்.